மதுரையா, சிதம்பரமா?

"உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று யாராவது கேட்டால் என் மாமியார் யோசிக்காமல் "மதுரைதான்" என்பார். வரவு செலவு, கேஸ் புக்கிங், பிளம்பரிடம் சண்டை எல்லாம் நான்தான். அலுவலகத்திலும் 14 பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள். ஆனால் எனக்கும் என் கணவருக்கும் இடையில் மட்டும் சொல்வது அவர், கேட்பது நான். நானே விரும்பிக் கொடுத்த இடம் அது. டாமினன்ட், சப்மிசிவ் என்கிறார்களே, அதுதான்.

உடனே சாட்டையும் கைவிலங்கும் கண்முன் வந்திருக்கும். அறைக்குள் நடப்பது எங்களோடு இருக்கட்டும். அதைவிட இது அதிகம் இருப்பது சில்லறை விஷயங்களில்தான். இரவு பத்தரைக்கு என் போன் அவர் கைக்குப் போய்விடும். லேப்டாப்பை மூடு என்றால் மூட வேண்டும். காலையில் அவர் முதல் வாய் காபி குடித்துவிட்டுத் தலையசைத்த பிறகே என் டம்ளரைத் தொடுவேன். மேல்நாட்டில் இப்படி வாழ்பவர்கள் சிலர் கழுத்தில் காலர் அணிவார்கள். எனக்கு ஒரு மெல்லிய வெள்ளிக் காப்பு. தாலி, மெட்டி, வளையல் நடுவே அதை யார் கவனிக்கப் போகிறார்கள்! நாள் முழுக்க முடிவெடுத்து முடிவெடுத்து மண்டை காய்ந்தவளிடம் ஒருவர் "போதும், படு" என்று சொல்வது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

"எங்க பாட்டி காலத்துக்கே போயிட்டியேடி" என்றாள் தோழி. இல்லை. பாட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எதைக் கொடுத்தேன், எதைக் கொடுக்கவில்லை என்று என் கையெழுத்தில் எழுதியது. சம்பளம், வேலை, அம்மா வீட்டுக்குப் போவது, யாரோடு பழகுவது எதுவும் அவர் பக்கம் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்ப்போம். அடித்தல் திருத்தல் நிறைய. போன வருடம் அவர் காய்ச்சலில் படுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தோம். சொல்லிக்கொண்டே இருப்பவருக்கும் அலுக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம், நிறுத்தும் சொல். டிராஃபிக் சிக்னல் மாதிரி மஞ்சள், சிவப்பு என்று சொல்வது இப்படி வாழ்பவர்களிடம் சகஜம். சமையலறையில் மஞ்சள் என்றால் டப்பாதான் வரும். அதனால் எங்களுக்குத் "தாம்பரம்". நாங்கள் இருப்பது கோவையில், அந்தப் பேச்சே வராது. அதைச் சொன்னால் எதுவாக இருந்தாலும் அந்த நொடியே நிற்கும்.

யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. ஊர் மெச்சும் கல்யாணத்தில் மனைவியின் 'வேண்டாம்' சட்டத்துக்கே கேட்பதில்லை. வக்கிரம் என்று திட்டப்படும் எங்கள் ஏற்பாடோ அந்த 'வேண்டாம்' மேல்தான் நிற்கிறது. நோய் என்பவர்களுக்கு: உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதத்தோடு நடக்கும் இது அதில் நோயாக இல்லை.

(இன்பாக்ஸில் முதல் மெசேஜிலேயே "மண்டியிடு" என்று அனுப்பும் 'டாமினன்ட்'களுக்கு: பிளாக்.)

ஒருமுறை நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் இவர் திரும்பிப் பார்க்காமலே "ஏய், தண்ணி கொண்டு வா" என்றார். நோட்டில் இல்லாத அதட்டல். அது டாமினன்ட் குரலும் இல்லை, அவர் அப்பாவின் குரல். "இன்னிக்குத் தாம்பரத்துலருந்து போன் வந்துதுங்க" என்றேன். முகம் மாறிவிட்டது. எழுந்து போய்த் தனக்கும் எனக்குமாக இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். நண்பர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமியார் மட்டும் பாத்திரம் ஒதுக்கும்போது கேட்டார், "தாம்பரத்துல நமக்கு யாரு கண்ணு இருக்காங்க?"