உங்கள் லப்டொப், எங்கள் கண்

"என்ர லப்டொப், என்ர மார்க்ஸ், உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. எனக்கு என்னவென்றால், வகுப்பில் நான் உங்களுக்குப் பின்னால் இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் போகிற வார இறுதி டிப்ளோமா வகுப்பு. சேர் முன்னுக்கு நின்று நியம விலகலை வியர்க்க வியர்க்க விளங்கப்படுத்துகிறார், எனக்கு முன்வரிசைத் தம்பி இக்மன் விளம்பரத் தளத்தில் பழைய பல்சர் பைக் பார்க்கிறார். படத்தைப் பெருப்பித்து டேங்கில் இருந்த கீறலை ஆராய்ந்து, பிறகு அடுத்த விளம்பரம், அதற்கும் அடுத்தது. கீறல் எந்தப் பக்கம் என்று எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நியம விலகலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இது என்னுடைய எரிச்சல் மட்டும் இல்லை. 2013இல் கனடாவில் இருந்து ஒரு ஆய்வு வெளியானது. வகுப்பில் லப்டொப்பில் வேறு வேலை பார்த்தவர்களுக்குப் பரீட்சையில் புள்ளி குறைந்தது, சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பேனையும் தாளுமாக ஒழுங்காக இருந்தவர்களுக்கும், அடுத்தவரின் திரை கண்ணில் பட்ட பாவத்துக்காகக் குறைந்தது, அதுவும் 17 வீதமளவில். திரையில் ஏதாவது அசைந்தால் கண் தன்பாட்டில் அங்கே போகும். "நீங்கள் பார்க்காமல் இருங்கோவன்" என்று சொல்வது லேசு.

அதற்காக முற்றாகத் தடை செய்யச் சொல்லவில்லை. ஏ.எல் வரை தமிழில் படித்துவிட்டு கம்பஸில் திடீரென்று பாடம் முழுக்க ஆங்கிலம் என்றானபோது, சேர் சொன்ன சொல்லை அந்த இடத்திலேயே தேடிப் பார்க்கிற பிள்ளை இருக்கிறது. அந்த லப்டொப் அம்மாவின் நகையை அடைவு வைத்து வாங்கியதாகவும் இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு அதில்தான் கொப்பியும் புத்தகமும். எல்லோருக்கும் தடை, அவருக்கு மட்டும் அனுமதி என்று வைத்தால், வகுப்பே அவரைத் திரும்பிப் பார்க்கும். அது தேவையா?

கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்ற கதையையும் நான் எடுக்கவில்லை. 2014இல் அப்படிச் சொன்ன அமெரிக்க ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது, 2021இல் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. டைப் பண்ணுகிறவர் டைப் பண்ணட்டும்.

நான் கேட்பது இடம் மாறி இருக்கச் சொல்லி மட்டும்தான். லப்டொப் திறக்கிறவர்கள் கடைசி வரிசைக்குப் போகட்டும். அங்கே பைக் பார்த்தாலும் காணி பார்த்தாலும் நட்டம் அவர்களோடு முடியும். பின்னுக்கு இருந்தால் போர்ட் தெரியாது என்பார்கள். ஸ்லைட்டை முதல் நாளே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை. சேர்மாருக்கு ஒன்று: அந்த ஸ்லைட்டையே வரிக்கு வரி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முன்வரிசையும் பைக் பார்க்கத்தான் போகும், அதற்கு லப்டொப்பும் தேவையில்லை, போன் போதும்.

வருகிற சனிக்கிழமை வகுப்புப் பிரதிநிதியிடம் இதைக் கேட்கப் போகிறேன். எங்கள் வகுப்பில் கூட நின்று கேட்கிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.