முதலில் எங்கள் பில்லைக் கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இத்தனை பேர் எனக்கு அனுப்பி, "அக்கா, உங்களுக்காகவே பேசியதுபோல் இருக்கிறது" என்று எழுதிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பேசியவர் யார் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. நெருக்கடிக் காலத்தில் சிறு தொழில் செய்வோர் சோர்ந்துவிடாமல் தங்கள்மீதே முதலீடு செய்ய வேண்டும், புதிதாகக் கற்க வேண்டும் என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் தீபாவளிக்கு முன் தைத்துக் கொடுத்த சரக்குக்கு அவருடைய ஏற்றுமதி நிறுவனம் எங்களைப் போன்ற பவர் டேபிள்காரர்களுக்கு, அதாவது கம்பெனி வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுகளுக்கு, தர வேண்டிய கூலி இன்னும் வரவில்லை. எதைக் கொண்டு முதலீடு செய்வது என்பதையும் அதே மேடையில் சொல்லியிருக்கலாம்.

சிறு தொழிலை ஆதரிப்பது என்றால் செய்த வேலைக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்பது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலை சம்பளம் போட்டாக வேண்டும். ஓவர்லாக் டெய்லரிடம் "கம்பெனியில் பில் பாஸ் ஆகவில்லை" என்று சொன்னால் அவர் திங்கட்கிழமை வேறு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார், அதில் அவர்மீது குறையும் இல்லை. வாடகை, மின்கட்டணம், நூல், ஊசி எதுவும் காத்திருப்பதில்லை. கைக்கு வராத கூலிக்கும் பில் போட்ட குற்றத்துக்காக அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டுகிறோம். பெரிய நிறுவனங்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் வங்கி நாங்கள்தாம், என்ன, எங்களுக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை.

கற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள் குறை சொல்கிறார்கள் என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். ஆர்டர் குறைந்து மெஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தபோது, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று போட்டிருந்த சீட்டை எடுத்து பேட்டர்ன் போடவும் காஸ்டிங், அதாவது அடக்கச் செலவுக் கணக்கு, போடவும் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தவள் நான். "இந்த வயதில் உனக்கு எதற்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். போலோ டீ-ஷர்ட்டில் பட்டிக்கு இத்தனை நிமிடம், காலர் ஏற்ற இத்தனை நிமிடம் என்று அங்கே பிரித்துப் பார்க்கக் கற்றேன். வாடகையையும் சம்பளத்தையும் அந்த நிமிடங்களில் வகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பீஸையும் நாங்கள் நட்டத்துக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு பீஸ் ரேட்டை உயர்த்தக் கேட்கப் போனேன். வேலை கொடுக்கும் கம்பெனியின் மேலாளர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "ஏனுங்க அக்கா, கிளாசுக்கெல்லாம் போறீங்களாட்ட இருக்குது, இனி நீங்களே எக்ஸ்போர்ட் பண்ணிக்குங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள்மீது நாங்கள் செய்த முதலீட்டுக்குக் கிடைத்த மரியாதை அது.

ஏற்றுமதியாளர்களுக்கும் பணம் வருவதில்லையே என்பீர்கள். உண்மைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, அங்கே வாங்குபவர்கள் இவர்களிடம் தள்ளுபடி கேட்டார்கள், ஆர்டர்களை நிறுத்தி வைத்தார்கள். நாங்களும் செய்தி படிக்கிறோம். ஆனால் அந்த அடி இறங்கி இறங்கி எங்கள் கூலியில் வந்துதான் நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? காரின் தவணை நிற்கவில்லை, கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கும் செலவு நிற்கவில்லை, எங்கள் பில் மட்டும் நிற்கிறது.

சட்டம் இருக்கிறதே, புகார் கொடுங்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அது வந்ததும் எங்களுக்குக் கிடைத்த அறிவுரை என்ன தெரியுமா? "பில்லில் உத்யம் எண்ணைப் போடாதீர்கள்." நாங்கள் சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்ததைக் காட்டும் எண் அது. புகார் கொடுத்தவர் வட்டியோடு வாங்கினாலும் வாங்கலாம், அதற்குப் பிறகு தைப்பதற்கான கட்டிங் மூட்டை அவர் வாசலுக்கு வராது. இதை அறியாதவர்கள் எங்கள் தொழிலில் ஒருவரும் இல்லை, அந்த மேடையில் இருந்தவர்கள் உட்பட.

நான் நன்றியில்லாதவள் என்று எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். வருடக்கணக்காக இரவு ஷிஃப்ட் ஓட்டி, உங்கள் கப்பல் தேதிக்குச் சரக்கை முடித்துக் கொடுத்தவர்களுக்கு யாராவது நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அந்த நன்றியும் வேண்டாம், ஊக்கப் பேச்சும் வேண்டாம். அந்தக் காணொளியை இனியும் எனக்கு அனுப்ப நினைப்பவர்களில் யாரிடமாவது ஜாப் ஒர்க் பாக்கி இருந்தால், அதைத் தீர்த்துவிட்டு அனுப்புங்கள். முழுவதும் உட்கார்ந்து பார்க்கிறேன்.