குரங்கே காட்டலன்னு ஒரு ஸ்டார் போடுறவங்களுக்கு

கேரளாவுல இருக்க சைலண்ட் வேலி காட்டுக்கு போயிட்டு வந்தவங்க நெட்ல எழுதுற ரிவியூவ படிச்சா எனக்கு பிபி ஏறுது. அவ்ளோ காசு வாங்கிட்டு ஜீப்ல போட்டு குலுக்குனாங்க, ஒரு சிங்கவால் குரங்கு கூட கண்ணுல படல, வேஸ்ட்டாம். ஏங்க, அது என்ன வண்டலூர் ஜூவா?

நானும் போனேன், நானும் பாக்கல. ஆனைகட்டி, அகளி தாண்டி முக்காலின்னு ஒரு ஊரு, அதுக்கு மேல சொந்த வண்டிய விடமாட்டாங்க, சைரந்திரி வரைக்கும் 23 கிலோமீட்டர் ஜீப்தான், இடுப்பு கழண்டுரும், ஒத்துக்கிறேன். ஆனா அங்க எறங்கி நடக்குறப்ப கைடு சேட்டன் ஒரு வெடிப்பலா மரத்தடிக்கு கூட்டிட்டுப் போனாரு. கீழ பூரா முள்ளு முள்ளா காய், பிச்சு உள்ள இருக்க கொட்டைய மட்டும் தின்னுட்டு ஓட்ட வீசியிருக்கு, கடிச்ச எடம் இன்னும் ஈரம் காயல. அண்ணாந்து பாத்தா வெறும் இலை. சோலைமந்திக்கு, அதான் சிங்கவால் குரங்குக்கு, திங்குறது தூங்குறது எல்லாமே மர உச்சியிலதான், காடு ஒழுங்கா இருந்தா அது எதுக்கு கீழ வந்து நமக்கு மூஞ்சி காட்டணும்?

அந்தக் காடும் சும்மா மிஞ்சல. 70கள்ல அங்க ஓடுற குந்திப்புழா ஆத்துல அணை கட்டி கரண்ட் எடுக்கப் பாத்தாங்க, குரங்கு பெருசா கரண்ட் பெருசான்னு நக்கல் வேற. கேரளா அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்காரங்க, கவிஞர் சுகதகுமாரி எல்லாம் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி 1983ல திட்டத்த கைவிட வச்சாங்க, அடுத்த வருஷம் நேஷனல் பார்க் ஆச்சு.

"பாக்கணும்னா வால்பாறை போங்க ப்ரோ, ரோட்டுலயே உக்காந்திருக்கும்"னு அந்த ரிவியூவுக்கு கீழ ஒரு அறிவாளி கமெண்ட். உக்காந்திருக்கும்தான். வால்பாறை பக்கம் புதுத்தோட்டத்துல தேயிலைக்கு நடுவுல மிச்சம் இருக்கறது 1 சதுர கிலோமீட்டர் கூட தேறாத துண்டுக் காடு, மரத்துக்கு மரம் தாவ வழியில்லாம எறங்கி ரோட்ட கடக்குது, வீட்டு அடுப்படிக்குள்ள பூருது. நான் பாத்த ஆண் குரங்கு ஒரு கட்டைச்சுவர் மேல உக்காந்து பிஸ்கட் பாக்கெட்ட பல்லால கிழிச்சிட்டு இருந்துச்சு, மொகத்த சுத்தி அந்த சாம்பல் பிடரி முழுக்க தூளு. ஒருத்தர் கார்ல இருந்தே இன்னொரு பாக்கெட் நீட்டுறாரு, பின்னாடி பஸ் ஹார்ன் அடிக்குது, குட்டிய வயித்துல ஒட்டிக்கிட்டு ஒரு தாய்க்குரங்கு காருக்கும் பஸ் சக்கரத்துக்கும் நடுவுல ஓடுது. எனக்கு செல்போன எடுக்கவே தோணல. மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் கெடையாது, மொத்தமே 4000த்துக்கும் கம்மின்னு சொல்றாங்க, அத பிஸ்கட் குடுத்து ரோட்டுக்கு கூப்டுறோம். ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பழைய தீயணைப்பு ஹோஸ்ல பாலம் கட்டி விட்டிருக்காங்க, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க வேலை, அதுல சூப்பரா போகுதுங்க. ஆனா தீனி கீழ கெடந்தா யாரு மேல போவா?

வால்பாறை போகாதீங்கன்னு சொல்லல. கண்ணாடிய ஏத்திட்டு வண்டிக்குள்ள இருந்தே பாருங்க, பசங்க கையில சிப்ஸ் இருந்தா வாங்கி உள்ள வைங்க. அங்க நிக்கிற வாட்சர் அண்ணன் வண்டிய எடுங்கன்னா அவர்கிட்ட எகிறாதீங்க, அவரு அந்த மழையில நாள் பூரா நிக்கிறாரு.