மலை ஏறுகிறவளுக்கு நெஞ்சுவலி வராதா?

"கொழுந்தெடுக்கிறவளுக்கு ஏது நெஞ்சு வருத்தம்? நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறாளே!"

சென்ற மாதம் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துக்க வீடொன்றில் மூன்று பேர் இதையே என்னிடம் சொன்னார்கள். இறந்த அக்காவுக்கு வயது 56. சொன்னவர்கள் மூவரும் அன்பானவர்கள். ஆனாலும் எங்கள் பெண்கள் வைத்தியசாலைக்குப் பிந்திப் போவதற்கு இந்தப் பேச்சே முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் என் அம்மாவுக்கு வந்தது. அப்போது அவருக்கு 53. கூடையோடு மேல்மலைக்கு ஏறும்போது தாடை இறுகும். முதுகின் நடுவில் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். கல்லொன்றில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடும். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எல்லோரும் வாயு என்றார்கள், நானும் அதையே சொன்னேன். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ (பாலில்லாத தேநீர்), ஓமத் தண்ணீர், தோட்டத்து மருந்தகத்தில் தந்த வாயு மாத்திரை என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. ஏற்றத்தில் மட்டும் வந்து உட்கார்ந்தால் போய்விடுகிற வாயு எங்கே இருக்கிறது என்று ஆசிரியையாகிய எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல், வியர்த்துக் கொட்டிச் சரிந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

ஏறும்போது வந்து ஓய்ந்தால் அடங்கும் இறுக்கம், இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம். பெண்களுக்கும் நெஞ்சில்தான் பெரும்பாலும் வலிக்கிறது. ஆனால் தாடை, முதுகு, தோள்பட்டை, மூச்சுவாங்கல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று வேறு வடிவங்களில் வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

வயதுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் பெண்ணின் இரத்தக் குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து எடுத்துவிட ஈரலுக்கு உதவுகிறது. ஐம்பதை ஒட்டி அது குறைந்ததும் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்பு, இரத்தத்துச் சீனியை அடக்கும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. எங்கள் லயங்களிலோ, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலோ, மாதவிடாய் நின்றால் ஒரு தொல்லை விட்டது என்று மட்டும்தான் பேசிக்கொள்வோம். இதயத்துக்கு இருந்த ஒரு காவல் விலகுகிற காலம் அது என்று எந்தத் தாயும் மகளுக்குச் சொன்னதில்லை. தாய்க்கே யாரும் சொல்லவில்லையே.

அப்படியானால் அத்தனை வருடம் மலை ஏறியதெல்லாம் வீணா? இந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் உறுத்தியது. 1953இல் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட, இரட்டைத்தட்டு பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு பெரிய அடித்தளம். ஆனால் 2021இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்து நாலாயிரம் பேரை வைத்து வெளிவந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வேலையில் கடுமையாக உடல் வருத்தியவர்களுக்கு அது கூடியது. விருப்பத்துக்கு நடக்கிறவர் வேகமாக நடந்து, பிறகு ஓய்ந்து, இதயத்தை ஆறவிடுகிறார். பாரம் சுமந்து மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கு நாடித்துடிப்பும் பிரஷரும் நாள் முழுக்க உயர்ந்தே நிற்கின்றன. இதை ஒரு விளக்கமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். முதுகில் ஈரக் கொழுந்து, காலில் அட்டை, இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழும் என்ற பயம். அந்தப் பயம்கூட உடலுக்குள் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனாக வேலை செய்கிறது. சீனியையும் பிரஷரையும் ஏற்றுகிறது. இதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டியதும் அம்மா முதலில் செய்வது பிளேன்டீ. இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நாக்கால் ஒரு தொடுகை, ஒரு மிடறு, மறுபடி ஒரு தொடுகை. அந்தக் குளிரில் அது எவ்வளவு இதம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வைத்தியசாலையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவருடைய உள்ளங்கைச் சீனியைக் கரண்டியால் அளந்தேன். இரண்டு தேக்கரண்டி. நாளுக்கு ஆறு பிளேன்டீ என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி. நாளுக்கு ஆறு தேக்கரண்டிக்குள், அதாவது 25 கிராமுக்குள், இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அதோடு காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும் இடித்த கட்டச்சம்பல். வெள்ளை மாவும் சீனியும் அளவு மீறினால் ஈரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கருவாடும் சம்பலும் உள்ள வீட்டில் அது பகலுக்குள்ளேயே முடிந்துவிடும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் நாடியையும் பிரஷரையும் ஏற்றும்.

இதற்காக அந்தப் பெண்களைக் கடிந்துகொள்ள யாருக்கும் உரிமை இல்லை. லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் விளைகிற இந்த மலையில், நாட்கூலிக்கு வாங்கக்கூடியது மாவும் சீனியும்தான். கூலியைப் பேசாமல் உணவைப் பேசுகிற சுகாதார அறிவுரையை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. அம்மா இப்போது ஒரு பிளேன்டீக்கு அரைத் தேக்கரண்டி சீனிக்கு வந்துவிட்டார். நான்கு மாதம் பிடித்தது. ரொட்டி மாவில் குரக்கன் (கேழ்வரகு) கலக்கிறோம். வேலையை விட்ட பிறகு, சாப்பாடு முடிந்ததும் கோயில்வரை கைவீசி நடக்கிறார். நடக்கும்போது தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்துச் சீனியை எடுத்துக்கொள்கின்றன. அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதைக் கடந்த எவரும் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தாடையோ முதுகோ இறுகி வியர்த்தால் இஞ்சி தட்ட வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

சித்திக்கு இப்போது 51. போன வாரம் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்றார், வாயு என்றும் அவரே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை அழைத்துக்கொண்டு போகிறேன். ஒரு பேர் போய்விடுமே என்று தயங்கினார். அந்தக் காசை நான் தருகிறேன் என்ற பிறகுதான் சம்மதித்தார். அடுத்த காம்பரா வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் எத்தனை மணி பஸ் என்று கேட்டிருக்கிறார்கள்.