மூன்று பேருக்கும் ஒரே சராசரி

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு அக்கா மகளிடமிருந்து போன். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, என் ப்ரோக்ராம்ல மூணு பேருக்கும் ஒரே சராசரி வருது. மார்க் எல்லாம் வேற வேறதான் குடுத்தேன்."

லேப் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் மாணவர் என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு மாதிரி. அதற்குள் ஐந்து பாடத்து மார்க். அதிலிருந்து மூன்று மாணவர்களை (இப்படி வார்த்தெடுப்பதுதான் ஆப்ஜெக்ட்) உருவாக்கி ஒவ்வொருவரின் சராசரியையும் அச்சிட வேண்டும். ப்ரோக்ராமைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள், அதுவும் சாய்வாக. (பிள்ளைகளே, ப்ரோக்ராமைக் காப்பி பண்ணி அனுப்புங்கள். மாமாக்களுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை.)

தப்பு கண்ணில் பட ஒரு நிமிஷம்தான் ஆனது. லூப்புக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வெளியே ஒரே ஒரு அர்ரே, அதாவது எண்களை வரிசையாக வைக்கும் பெட்டி, உருவாக்கியிருந்தாள். லூப்புக்குள் அதில் மார்க்குகளை நிரப்பி, மாணவர் ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்து, அடுத்த மாணவருக்கு அதே அர்ரேயை மறுபடி நிரப்பியிருக்கிறாள். கன்ஸ்ட்ரக்டரோ வாங்கியதை அப்படியே தன் உள்ளே ஒட்டிக்கொண்டது.

"அதான் மாமா, மூணு ஆப்ஜெக்ட் இருக்கே?"

மூன்று ஆப்ஜெக்ட் இருந்தது உண்மை. ஆனால் அவற்றுக்குள் போய் உட்கார்ந்தது அர்ரே இல்லை, அது இருக்கும் இடத்தின் முகவரி (ரெஃபரன்ஸ் என்பது இதைத்தான்). ஒரு வீட்டுக்கு மூன்று சாவி வெட்டி மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று வீடு ஆகிவிடுமா? முதல் ஆள் சாமான் வைத்தார், அடுத்தவர் வந்து அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தன்னுடையதை வைத்தார், மூன்றாமவரும் அதையேதான் செய்தார். கடைசியில் யார் சாவியைத் திருப்பினாலும் உள்ளே மூன்றாமவரின் சாமான்தான். இதில் இன்னொரு கூத்து. சராசரியை லூப்புக்குள்ளேயே உடனுக்குடன் அச்சிட்டிருந்தால் பதில் சரியாக வந்திருக்கும், லேப் நோட்டில் கையெழுத்தும் விழுந்திருக்கும். எல்லாரையும் உருவாக்கி முடித்துக் கடைசியில் அச்சிட்டதால்தான் குட்டு வெளிப்பட்டது.

கன்ஸ்ட்ரக்டருக்குள் அர்ரேயை நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே வரி. சரியாகிவிட்டது. அவள் தூங்கப் போனாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் இந்தப் பெண்ணுக்கு ஊப்ஸின், அதாவது ஆப்ஜெக்ட்களை வைத்து ப்ரோக்ராம் எழுதும் முறையின், நான்கு தூண்களும் தலைகீழ்ப் பாடம். அதில் ஒன்றான என்கேப்சுலேஷன் (உள்ளே இருப்பதை வெளியார் கெடுக்காமல் காப்பது) என்றால் என்ன என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று வரியில் சொல்வாள். புத்தகத்து உதாரணமும் அத்துப்படி: விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். எல்லாம் ரெக்கார்டு நோட்டில் அழகாக இருக்கிறது. நான் பதினான்கு வருஷமாக இந்தத் தொழிலில் சோறு தின்கிறேன், இதுவரை எந்தக் கம்பெனியும் என்னை ஒரு நாயைக் குரைக்க வைக்கச் சொன்னதில்லை. எண்களின் பட்டியல் மட்டும் தினமும் வருகிறது. பில் தொகைகள், ஸ்டாக் எண்ணிக்கை, மீட்டர் ரீடிங்.

என் கருத்து இதுதான்: முதல் ஊப்ஸ் வகுப்பில் நாயைத் துரத்திவிட்டு, பத்து எண்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, "இது யாருடையது?" என்று கேளுங்கள். நாயை யாராலும் கெடுக்க முடியாது. அது குரைத்துவிட்டுப் போய்விடும். பட்டியலைக் கெடுக்கலாம். கெடும் என்று தெரிந்த பொருளுக்குத்தானே காவல் வேண்டும்?

காவல் என்றதும் எல்லாரும் பிரைவேட் என்கிறார்கள், அதாவது வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி வைப்பது. மார்க் பட்டியலைப் பிரைவேட் என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கெட்டர் எழுதி அந்தப் பட்டியலையே எடுத்து நீட்டுகிறார்கள். வாங்கியவர் அதில் இன்னொரு 100 சேர்த்தால் அது உள்ளே இருக்கும் பட்டியலிலேயே சேரும். முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வீடு. கெட்டர், மதிப்பை மாற்றும் செட்டர் இரண்டும் எழுதிவிட்டால் என்கேப்சுலேஷன் முடிந்தது என்று எழுதித் தரும் நோட்ஸ்களை நானே பார்த்திருக்கிறேன்.

மளிகைக் கடையில் சில்லறை வேண்டுமென்றால் கல்லாப்பெட்டியை நீட்டச் சொல்லி நாமே எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிறோம், அவர் எண்ணித் தருகிறார். பட்டியலை வைத்திருக்கும் ஆப்ஜெக்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். சராசரி எவ்வளவு, அதிகபட்சம் எது, எத்தனை பேப்பர் எழுதினாய் என்று கேட்டால் பதில் சொல்லும். புது மார்க் கொடுத்தால் 0-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கிக்கொள்ளும். பட்டியல் மட்டும் வெளியே வராது. இதை ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்தவனுக்கு என்கேப்சுலேஷனுக்கு வரையறை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, எண் பட்டியல் என்று சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. நம் ஊர் லேப்களில் எண் என்றாலே மார்க்தான். மார்க் ரொம்பச் சாதுவான எண், நிறையத் தப்புகளை மூடி மறைத்துவிடும்.

அதிகபட்சம் கண்டுபிடிக்கும் ப்ரோக்ராமில் பாதிப் பேர் 0-வில் ஆரம்பித்து, அதைவிடப் பெரியது வந்தால் மாற்றிக்கொள்வார்கள். மார்க்குக்கு ஒரு நாளும் பிழை வராது. லடாக்கின் லே நகரத்தின் ஜனவரி இரவு வெப்பநிலை என்று -12, -9, -15 கொடுத்துப் பாருங்கள். அதிகபட்சம் 0 என்று கூசாமல் சொல்லும். பட்டியலில் இல்லவே இல்லாத எண்! பட்டியலின் முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த விஷமம். அர்ரேலிஸ்டில் (நீளக்கூடிய அர்ரே) இன்டிஜர்களை, அதாவது ஆப்ஜெக்டாகச் சுற்றிய முழு எண்களைப் போட்டு, இரண்டை எடுத்து இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால், ஜாவா மதிப்பை ஒப்பிடுவதில்லை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கிறது. ஆனால் -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு அது முன்கூட்டியே ஆப்ஜெக்ட் செய்து வைத்திருக்கிறது, அதனால் 95-ம் 95-ம் ஒன்றே என்று வரும். 100-க்கு 100 வாங்கினாலும் சரியாகவே வரும். ப்ளஸ் டூவின் 600-க்கான மொத்தத்தைப் போட்டு, 487 வாங்கிய இருவரை ஒப்பிட்டால் இல்லை என்று கையை விரித்துவிடும். மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் மெத்தடைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இதை முதல் முறை நேரில் பார்த்தபோது கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

சராசரியிலும் உண்டு. 71, 68, 90, 55, 77. கூட்டினால் 361, ஐந்தால் வகுத்தால் 72.2. இரண்டு முழு எண்களை வகுத்தால் ஜாவா பின்னத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 72 என்னும். இது தெரிந்த பிள்ளைகள் டபுளாக, அதாவது புள்ளி வைத்த எண்ணாக, மாற்றுகிறார்கள், ஆனால் வகுத்து முடித்த பிறகு. 72.0 என்று வருகிறது. புள்ளியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும், 2 போனது போனதுதான்.

நீக்குவது தனிக் கதை. 20, 30, 80, 25. முப்பத்தைந்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் நீக்கு என்று முன்னாலிருந்து லூப் ஓட்டினால் 30 தப்பித்துவிடும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். முதல் ஆள் விலகியதும் இரண்டாமவர் அவர் இடத்துக்கு வந்துவிடுகிறார், நாம் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம். அவரை யாரும் பார்க்கவேயில்லை. பின்னாலிருந்து ஓட்டினால் சரியாக வரும்.

கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பரிடம் இதையெல்லாம் புலம்பினேன். "அறுபது பசங்க, ரெண்டு மணி நேரம், பாதி மெஷின் ஓடாது. செமிகோலன் போட வைக்கிறதுக்குள்ளயே பெல் அடிச்சிடும். நீ ரெஃபரன்ஸ், நகல்னு பேசுற" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாய், பூனைக்கு ஒதுக்கும் இரண்டு லேப்கள் அவரிடம் இருக்கின்றனவே, அவற்றைக் கேட்கிறேன். "பைத்தான் மொழிக்கு மாறிட்டா இந்தத் தலைவலி இல்லை" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: கிளாஸுக்குள் நேரடியாக ஒரு காலிப் பட்டியலை வைத்து, ஒவ்வொரு மாணவர் வழியாகவும் அதில் மார்க் சேர்த்துப் பாருங்கள். எல்லாருடைய மார்க்கும் ஒரே பானையில் கிடக்கும். அங்கேயும் அதே வீடு, அதே சாவிதான்.

பெரியவர்களும் தப்பியதில்லை. ஜாவாவோடு வரும் ஆயத்த ப்ரோக்ராம்களில் பைனரி சர்ச்சை (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) எழுதிய ஜோஷுவா ப்ளாக், அதில் தான் விட்ட ஒரு பிழையைப் பற்றி 2006-ல் தானே எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் ஜாவாவின் சாதாரண முழு எண் தாங்கும் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டி மைனஸில் போய் விழுகிறது. பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. என் அக்கா மகளுக்கு இதைச் சொன்னதும் முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

நேற்று மறுபடி போன். சராசரியைச் சரியாக வகுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், மார்க் பட்டியலுக்குத் தனி கிளாஸும் எழுதிவிட்டாள். மார்க் எதுவும் சேர்க்காமல் சராசரி கேட்டுப் பார்த்திருக்கிறாள். சொல்லிக் கொடுக்காமலேயே! பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் டபுளில் எண்ணே அல்லாத ஒன்று வரும், மூன்றெழுத்து: NaN.

"மாமா, சராசரி எவ்வளவுன்னு கேட்டா 'நான்'னு சொல்லுது மாமா. யாரு மாமா அது?"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு காலிப் பட்டியல் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். 0 சொன்னால் எல்லாப் பாடத்திலும் முட்டை வாங்கியவனும் பரீட்சையே எழுதாதவனும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்கிறாள். எரர் எறியலாம் என்று நான். இன்னும் முடிவாகவில்லை.