மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் லெந்துவில் ஓர் அறிவிப்பு வேண்டும்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து சாம்பல் புதனோடு வந்துவிட்டால் நம் சபைகளில் அறிவிப்புகளுக்குக் குறைவே இருக்காது. வெள்ளி தோறும் உபவாச ஜெபம், தெரு வாரியாக வீட்டுக் கூட்டம், காணிக்கைப் பெட்டி, முழு இரவு ஜெபம், குருத்தோலைப் பவனி. இவற்றோடு இன்னும் ஒன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மனநல மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்." வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

சுகர் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் அறிவிக்கத் தேவையில்லை. "நீங்க மத்தியானம் சாப்பிட்டுருங்க" என்று போதகரின் மனைவி ஐயரம்மாவே சொல்லிவிடுவார். கத்தோலிக்கர்களிடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 59 வயதானால் ஒருசந்தி என்கிற உபவாசக் கடமை முடிந்தது, நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் நோய் மனதில் என்றால் மட்டும் மாத்திரை எப்படியோ விசுவாசப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "இன்னுமா அதைச் சாப்பிடுறீங்க?" என்று ஜெபக்கூட்டத்தில் கேட்கிறார்கள். இன்சுலின் போடுகிறவரிடம் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது.

என் தம்பிக்கு பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு. லித்தியம் சாப்பிடுகிறான். அந்த மருந்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால்தான் அடிக்கடி இரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழப்பம். அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை. "சாத்தான் உபவாசத்தைத் தடுக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு இரவு தூக்கம் கெட்டாலே மனம் உச்சத்துக்கு ஏறிவிடக்கூடும். முழு இரவு ஜெபம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள், அவருக்கு மட்டும் தூக்கமே வராது. பாடுவார், ஓயாமல் பேசுவார், தரிசனம் கண்டேன் என்பார், கையில் இருப்பதை எல்லாம் தானம் செய்வார். நாம் என்ன சொல்வோம்? பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்போம், மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்வோம். சில வாரங்கள் கழித்து அவர் அடியோடு சரிந்து விழும்போது அந்த மேடையில் இருந்தவர்கள் ஒருவரும் பக்கத்தில் இருப்பதில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

"வசனம் எங்கே?" என்று கேட்பீர்கள். சரி, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசி படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, அறிக்கையிடாத பாவம் உண்டா என்று துருவவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறார், தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் ஓரேபுக்கு நாற்பது நாள் நடந்தார். உபவாசக் கூட்டங்களில் அந்த நாற்பதைச் சொல்வார்கள், அடையையும் தூக்கத்தையும் விட்டுவிடுவார்கள்.

லெந்துப் பிரசங்கங்களில் பாவத்தைப் பற்றிப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை, அதற்குத்தானே இந்தக் காலம். ஆனால் மனச்சோர்வு நோயில் இருக்கிறவருக்குக் குற்ற உணர்வு ஏற்கெனவே கழுத்து வரை இருக்கிறது. அதுவே அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. "உன்னை நீயே ஆராய்ந்து பார்" என்று அவரிடம் வாரா வாரம் சொல்லத் தேவையில்லை, அவர் தூங்காமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுங்கள். முடியாவிட்டால் பேசாமல் அவர் கூடவே இருங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்ற இயேசு சீஷர்களிடம் கேட்டதும் அதைத்தானே? அதையும் அவர்கள் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

கூட இருப்பது என்றால் எனக்கு இங்கிலாந்துப் போதகர் ஜான் நியூட்டன் ஞாபகம்தான் வரும். பெரிய வெள்ளிக்கிழமை நாம் பாடும் "இம்மானுவேலின் இரத்தத்தால்" பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதிய வில்லியம் கூப்பர் மனநோயாளி. 1763-இல் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு டாக்டரின் பராமரிப்பில் தேறினார். பிறகு ஓல்னி என்ற ஊரில் நியூட்டனின் சபைக்கு வந்தார். இருவரும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள். 1773-இல் நோய் திரும்ப வந்தது. கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று கூப்பர் நம்பினார், 1800-இல் சாகும்வரை அந்த எண்ணம் முழுதாக விலகவே இல்லை. அந்த 1773-இல் நியூட்டன் அவரைத் தன் குருமனையிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் சுகமாகிச் சாட்சி சொல்லவில்லை. பிற்பாடு முயல் வளர்த்தார், தோட்டம் போட்டார், நல்ல கவிதைகள் எழுதினார். இப்படி ஒருவரை ஓராண்டு தன் வீட்டில் வைத்துக்கொண்ட போதகரை நம் கன்வென்ஷன் மேடைகளில் யாராவது புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம் ஈஸ்டர். இரவு மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்களால் விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்கு எழுந்து வர முடியாது. எட்டு மணிக்கு வந்தால் "கல்லறைக்கு லேட்டா வாறீங்களே" என்று கிண்டல் செய்யாதீர்கள். முகத்தில் சந்தோஷம் இல்லை என்று தனியாகக் கூப்பிட்டு ஜெபிக்கவும் வேண்டாம். இயேசு உயிர்த்தெழுந்த அன்று சீஷர்கள் கூடியிருந்த அறையில் தோமா இல்லவே இல்லை. எட்டு நாள் கழித்து அவருக்காகவே இயேசு மறுபடியும் வந்தார், அதுவும் காயங்களோடு.

ஆலய அறிவிப்புப் பலகையில் உபவாசக் கூட்டப் போஸ்டருக்குப் பக்கத்தில் 14416 என்ற எண்ணையும் ஒட்டுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எங்கள் போதகர் ஐயரிடம் அறிவிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வாசித்தாரா என்று கமென்டில் சொல்கிறேன்.