இ-பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே?

போன சனிக்கிழமை காலை எட்டே காலுக்குப் பெருமாள்மலையில் பஸ் ஏறினேன். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் வேலை பார்க்கும் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது. மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதிலும் கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தே போனேன். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியும் வண்டி அசையவில்லை. "நடக்க முடிஞ்சவங்க இறங்கி நடந்துருங்கம்மா, இது இன்னைக்கு நகராது" என்று கண்டக்டர் அண்ணன் சொல்லிவிட்டார். பாதி பஸ் இறங்கியது. மருத்துவமனைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவால் இறங்க முடியவில்லை. பண்ணைக்காட்டிலிருந்து மலைவாழைத் தார்களோடு வந்த அக்காவாலும் முடியவில்லை. அவர்கள் இருவரும் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்களோ. எனக்கு அரைநாள் சம்பளம் போனது. இந்தக் கோடையில் இது மூன்றாவது முறை.

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. அவ்வளவு கோபம்.

மலைப்பாதையில் நெரிசல் எப்படி உண்டாகிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. வண்டி அதிகமானால் மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத ஒரு கார் வலது பக்கம் ஏறி முன்னால் போகும். அதன் பின்னால் பத்து கார் போகும். எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கு இப்போது வழி கிடையாது. வளைவில் திரும்ப பஸ்ஸுக்கு ரோட்டின் முழு அகலமும் வேண்டும். சரியாக அந்த வளைவின் வயிற்றில் ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பின்னால் எடுக்கச் சொன்னால், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லாத அந்த டிரைவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த முறை. அது இவர்களுக்கு யாரும் சொல்லித் தராத முறை. ஒரே ஒரு வளைவு அடைத்துக்கொண்டால் போதும், இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். அதற்குள் ஆம்புலன்ஸ் இருந்தாலும் சரி, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை இருந்தாலும் சரி.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, அந்த இ-பாஸ் வந்துவிட்டதே என்பார்கள். ஆமாம், வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. ஆனால் அந்தக் கோடையில் அது வெறும் கணக்கெடுப்புதான். கேட்ட எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. 2025-ல்தான் வரம்பு வைத்தார்கள்: கோடை முடியும்வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அரசு பஸ்ஸுக்கு பாஸ் தேவையில்லை என்றும் சொன்னார்கள். அந்த நீதிபதிகளுக்கு நான் மனதார நன்றி சொல்வேன், யாராவது ஒருவர் இந்த மலையைப் பற்றி யோசித்தார்களே என்று.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலு மீட்டர் நீளக் கார் 4,000 என்றால், இடைவெளியே இல்லாமல் ஒட்ட ஒட்ட நிறுத்தினாலும் பதினாறு கிலோமீட்டர். பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் வரைக்கும் ரோடு அவ்வளவு நீளம் கிடையாது. 6,000 என்றால் இருபத்து நாலு கிலோமீட்டர். எல்லாம் ஒரே நேரத்திலா வருகிறது என்று கேட்பவர்கள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் வெள்ளி நீர்வீழ்ச்சியில் வந்து நின்று பார்க்கட்டும். இப்போது அந்த 4,000 காரிலும் நாலு நாலு பேர் என்று வையுங்கள், 16,000 பேர். அதே ஆட்களை பஸ்ஸில் ஐம்பது ஐம்பதாக ஏற்றினால் 320 பஸ் போதும். வரிசையாக நிறுத்தினால் நாலு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கே தெரிகிற இந்தக் கணக்கு அதிகாரிகளுக்கு ஏன் தெரியவில்லை?

வண்டிகளை எண்ணுகிறார்கள், மனிதர்களை எண்ண மாட்டேன் என்கிறார்கள். என் கோபமெல்லாம் இதுதான். மக்களை நகர்த்துவதுதான் முக்கியம், வண்டிகளை அல்ல என்று ஒன்றிய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. அப்புறம் நடந்தது என்ன? 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு கார்களுக்கான வாழ்நாள் வரியை ஏற்றியது: ஐந்து லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், இருபது லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. ஒருவர் ஏற்றுகிறார், ஒருவர் இறக்குகிறார். இரண்டு பேருமே காரை வாங்கும்போது வரும் பணத்தைத்தான் பார்க்கிறார்கள். வாங்கிய கார் எந்த ரோட்டில் ஓடும், எங்கே நிற்கும் என்று யார் யோசித்தார்கள்? அந்த வரிப் பணத்தில் எங்கள் மலைக்கு எத்தனை பஸ் வந்தது?

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்தபோது மலைப்பகுதி விட்டுப்போனது. 2024-ல்தான் எங்களுக்கும் வந்தது. அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், என்னைப் போன்றவர்களுக்கு மாதக் கடைசியில் அது அரிசி வாங்கும் பணம். ஆனால் டிக்கெட் வேண்டாம் என்றால் மட்டும் போதுமா, பஸ் வர வேண்டாமா? சாயங்காலம் கடை அடைத்துவிட்டு நிற்கும்போது பஸ் வருமா வராதா என்று தெரியாமல், குளிரில், மழையில், இருட்டில் நிற்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். என் தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வருஷம் கடன் வாங்கி ஒரு பழைய கார் வாங்கினான். எங்கள் வீட்டில் யாருக்கும் காரில் ஆசை கிடையாது. ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் தூக்கிக்கொண்டு போக வேறு வழியில்லை, அதற்காக வாங்கினான். இப்போது அந்த வரிசையில் அவன் காரும் ஒன்று. இப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கார் ஏறுகிறது.

மேல்மலைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாவற்றுக்கும் கொடைக்கானல் ஊருக்குள் புகுந்துதான் கீழே இறங்க வேண்டும். கேரட்டும் பூண்டும் ஏற்றிய வண்டி ஏரியைச் சுற்ற வந்த கார்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டால், சந்தைக்குப் போய்ச் சேரும்போது என்ன விலை கிடைக்கும்?

சுற்றுலாப் பயணிகளே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடையில்தான் நிற்கிறேன். அவர்கள் வந்தால்தான் எனக்குச் சோறு. பாஸை எதிர்த்துக் கடையடைத்தவர்களின் பயமும் எனக்குப் புரியும். ஆனால் வருபவர்கள் அவரவர் காரிலேயே ஏரிக்கரை வரை வந்தாக வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? சபரிமலைக்குப் போகாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? மண்டல காலத்தில் பெரும்பாலும் வண்டியை நிலக்கல்லில் போட்டுவிட்டு, கேரள அரசு பஸ்ஸில் பம்பைக்குப் போகிறோம். பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. வத்தலக்குண்டிலும் பழனியிலும் அப்படி ஓர் இடம் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட்டால் வர மாட்டார்களா? கொடைக்கானலின் பெயரையே வைத்துக்கொண்டு கீழே கொடை ரோடு ரயில் நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து விடிகாலையில் இறங்குகிற குடும்பத்துக்கு மலை ஏற பஸ் காத்திருந்தால், அவர்கள் ஏன் வாடகைக் கார் பிடிக்கப் போகிறார்கள்?

இதற்கெல்லாம் காலம் ஆகும், இடம் வேண்டும், பணம் வேண்டும் என்று சொல்வீர்கள். சரி. வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு தனி வழி விடுங்கள். பாஸ் தேவையில்லாத வண்டி, பாஸ் காட்ட நிற்கிற கார்களுக்குப் பின்னால் ஏன் நிற்க வேண்டும்? நாலு கூம்பும் இரண்டு போலீஸ்காரர்களும் போதும். வளைவுகளில் எதிர்ப் பக்கம் ஏறுகிற காருக்கு அங்கேயே அபராதம் போடுங்கள். இந்த இரண்டையும் வரும் சனிக்கிழமையே செய்யலாம். எட்டே கால் பஸ்ஸில் நான் இருப்பேன், வந்து பாருங்கள்.